நெடுமாறனைத் தெரியும்

காலை மணி பத்து நாற்பது. விடியலில் பிடித்த டிசம்பர் தூறல் அப்போதுதான் விட்டிருந்தது.

புதுச்சேரியில், ஓர் அறக்கட்டளையின் மாடி அறையில் மூன்று பேர் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். வனவிலங்குகளின் வாழிடங்களைக் காப்பவர்களுக்கான நிதியுதவி அது. மூவரும் தன்னார்வலர்கள், தேநீரும் மசால் வடையும்தான் ஊதியம்.

மூவரின் சராசரி நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தொட்டால் நிதி உண்டு.

கடைசி விண்ணப்பம் பிள்ளைச்சாவடி மீனவர் நெடுமாறனுடையது. கடலாமைகள் முட்டையிடும் மணல்பரப்புக்கு அவர் வேலி கேட்டிருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தனி ஆளாய்க் காவல் காப்பவர்.

'ஆண்டுவாரியாக முட்டைக்குழிகளின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார்: "எழுதி வைக்கல. நாய வெரட்டவே நேரம் சரியாப் போவுது."

எழுதுபொருள் கடை வைத்திருக்கும் சலீமா சிரித்துவிட்டார்.

"உள்ளதச் சொல்லிட்டாரு மனுஷன். நான் அறுபத்தாறு."

"நான் அறுபத்தெட்டு," என்றார் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி இளம்பரிதி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா, மேடம்கிட்ட இல்ல வந்து மாட்டிக்கிட்டாரு!"

மேடம் என்றது ஹேமலதாவை. கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. மதிப்பெண் படிவத்தை வகுத்தவரே அவர்தான். பதிவேடு இல்லையென்றால் அந்தப் பகுதியின் நாற்பது மதிப்பெண்ணும் பூஜ்யம் என்ற விதியும் அவருடையது. மற்ற இருவரும் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், அவர் மாட்டார். போன ஆண்டு தம்முடைய கல்லூரிக்கே அந்தப் பூஜ்யத்தைப் போட்டவர்.

"சைபர் போட்டுடாதீங்க மேடம்," என்றார் சலீமா. "அடுத்த மாசம் ஆமை வந்துடும். வேலி இல்லன்னா முட்ட பூரா நாய்க்குத்தான்."

இளம்பரிதி மனக்கணக்குப் போட்டார். "மேடம் மத்ததுக்கெல்லாம் முழுசாப் போட்டாக்கூட அறுபதுதான். சராசரி அறுபத்தஞ்சு வராது. போச்சு."

ஹேமலதா அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தார். பேனாவை மூடினார்.

"இதுக்கு நான் மார்க் போடக் கூடாது. நெடுமாறனை எனக்குத் தெரியும்."

இருவரும் நிமிர்ந்தார்கள். விண்ணப்பதாரரைத் தெரிந்தவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மற்ற இருவரின் சராசரியே செல்லும். அதுதான் விதி.

"யாரையும் தெரியாதுன்னு காலையில கையெழுத்துப் போட்டீங்களே மேடம்?"

"போட்டேன்."

"சொந்தமா?"

"தெரியும். அவ்ளோதான் சார்."

படிவத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, வெளியே போய் மாடிப்படியருகே நின்றுகொண்டார்.

"ஊருக்கெல்லாம் ரூல் பேசுவாங்களாம். தன் ஆளுன்னா மட்டும் கடைசி நிமிஷம் வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாங்களாம்," என்றார் இளம்பரிதி.

"நாம என்ன போடறோம்னு பாத்துட்டு அப்பறம் எழுந்திருக்காங்க பாருங்க சார்," என்றார் சலீமா. "நான்கூட அவங்களப் பெரிசா நெனச்சிருந்தேன்."

சராசரி அறுபத்தேழு. விண்ணப்பம் தேறியது.

மறுநாள் காலை சலீமா கடையைத் திறந்ததும், முதல் வேலையாக நெடுமாறனுக்கான ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்து உறையிலிட்டார்.

இளம்பரிதி அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: அடுத்த ஆண்டு முதல் ஹேமலதாவை மதிப்பீட்டுக்கு அழைக்க வேண்டாம்.

ஹேமலதா ஏழு மணிப் பேருந்தில் பிள்ளைச்சாவடியில் போய் இறங்கினார். கைப்பையில் கட்டம் போட்ட புது நோட்டு ஒன்றும் இரண்டு பேனாக்களும் இருந்தன. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஆளிடம் சென்றார்.

"ஏங்க, இங்க நெடுமாறன்னா யாருங்க?"

"நான்தாம்மா. நீங்க யாரு?"