மின்விசிறி உபயம்

“வண்டில யாரும்மா?” என்று கேட்டார் மடத்து மேனேஜர் அருணகிரி.

“டிரைவர்” என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

வண்டியில் இருந்தது என் புருஷன் இளவரசன். வேலூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். செகண்ட் ஹேண்டில் மாருதி வாங்கி, மகள் பெயரைக் கவிநிலா என்று பின் கண்ணாடியில் பெரிசாக ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார்.

அது 2003-ஆம் வருஷத்துக் கார்த்திகை தீபம். பொண்ணுக்கு தீபம் காட்டணும் என்று ஆசைப்பட்டவரே அவர்தான்.

போளூர் ரோட்டிலேயே போலீஸ் வண்டியை மறித்துவிட்டது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். படுக்க வைக்க ஓர் இடம் வேண்டும். லாட்ஜுகளில் கேட்டால் சிரித்தார்கள். தீபத்தன்றைக்கு வந்து ரூம் கேட்கிறாளே, பைத்தியமா இவள் என்று.

எதிரே எங்கள் மடம்.

திருவண்ணாமலையில் ஜாதிக்கு ஒரு மடம் உண்டு. எங்கள் ஜனங்கள் என்றால் இடமும் சாப்பாடும் இலவசம். மற்றவர்களுக்கு வாசலோடு சரி. இளவரசன் அந்த மற்றவர்களிலும் கடைசி.

“நீ போய்க் கேளு. நான் வண்டிலயே இருக்கேன்” என்று அவர்தான் சொன்னார்.

இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன்! அவர்தானே சொன்னார், அவர்தானே சொன்னார் என்று.

தூங்கிவிட்ட கவியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கீழ்பென்னாத்தூர் சக்கரபாணி மகள் என்றதும் அருணகிரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மாப்பிள்ளை வரவில்லையா என்று விசாரித்தார். டூட்டி என்றேன்.

அது அப்பாவின் பொய். என்னோடு அவர் பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குள் மட்டும், பொண்ணை வேலூரில் குடுத்திருக்கோம், மாப்பிள்ளைக்கு லீவே கிடைக்காது என்று சொல்லி வைத்திருந்தார். அம்மா திருட்டுத்தனமாகப் போன் பண்ணும்போது இதைச் சொல்லி அழுவாள். அன்றைக்கு அந்தப் பொய் எனக்குக் கைகொடுத்தது. அடுத்ததை நானே சொன்னேன்.

அருணகிரி வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார்.

“ஏம்பா டிரைவரு! அம்மா பைய எடுத்தாந்து வெய்யி!”

இளவரசன் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த நோட்டைப் பார்த்தேன். பெயர், ஊர், தகப்பனார் பெயர் என்று கோடு போட்ட நோட்டு.

அவர் பையை எடுத்து வந்தார். செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல் பையை மட்டும் உள்ளே நகர்த்தினார்.

“வேற எதுனா எடுத்தாரணுங்களா?” என்று கேட்டார்.

ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கவியின் நெற்றி என் கழுத்தில் சுட்டது. ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேனே பாவி, நிஜமான டிரைவரிடம் ஆட்டுவது போலவே.

கொடுத்த ரூமில் மின்விசிறி இருந்தது. இறக்கையில் சிவப்பு பெயிண்டில் ‘உபயம்: சக்கரபாணி’. சுவிட்சைப் போட்டதும் பெயர் மறைந்து காற்று வந்தது. எங்களை வீட்டு வாசலில் சேர்க்காத அப்பாவின் காற்றில் என் மகளைப் படுக்க வைத்தேன்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்த காய்ச்சல் மருந்து வேலை செய்தது. ஐந்தரைக்குக் காய்ச்சல் விட்டு, வேர்வையோடு எழுந்து உட்கார்ந்தாள். அப்பா எங்கே என்று கேட்கவில்லை. எப்போதும் கண் விழித்ததும் கேட்பாள். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

தீபம் பார்க்காமல் போகக்கூடாது என்று அருணகிரி எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். ஆறு மணிக்கு மலை உச்சியில் சுடர் எழுந்தது. ஊரே அரோகரா என்று அலறியது. கவி என் இடுப்பில் இருந்தபடி கை கூப்பினாள்.

நான் கீழே எட்டிப் பார்த்தேன். பின்பக்கத் தகர ஷெட்டில்தான் டிரைவர்களுக்கு இடம். இளவரசன் வெளியே வந்து நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் மடத்துச் சுவர்தான் தெரியும், மலை தெரியாது. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் ஆட்டினார். மலைப்பக்கம் விரலை நீட்டி நீட்டிக் காட்டினார், அங்கே பார், அங்கே பார் என்று.

சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கவியின் கையில் வைத்த அருணகிரியும் கீழே எட்டிப் பார்த்தார்.

“யாரு பாப்பா அது, உனக்குக் கைய ஆட்டறது?”

கவி கீழே பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். என்னை மாதிரி அவள் உடனே சொல்லிவிடவில்லை. யோசித்தாள்.

“டிரைவர்” என்றாள்.