பட்டன் தேயாத டயர்

“ஏன் லோவெல், பட்டன்கூடத் தேயாத டயரை எதுக்குக் கழட்டறீங்க?”

நடீன் கேட்டதற்கு லோவெல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீட்டின் சக்கரத்தோடு மல்லாடிக்கொண்டே, “புதுசு போட்டா வண்டி நல்லா ஓடும்” என்றார்.

நடீனால் நம்ப முடியவில்லை. காபி வடிகட்டிய தாளை அலசிக் காயப்போடுகிற மனுஷன். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். ஒரு வாரமாக யூமா ஊரிலுள்ள டயர் கடைகளுக்கெல்லாம் போன் போட்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர் மாதிரி விசாரித்திருந்தார். எவ்வளவு எடை தாங்கும்? வெயில் தாங்குமா? கார் டயர் ஆகாது, டிரெய்லருக்கென்றே செய்ததா? கடைசியில் இருப்பதிலேயே விலை கூடியதை நாலாக வாங்கி வந்துவிட்டார்.

“அப்ப இந்தப் பழசு?”

“ரமீரோவுக்குக் கொடுக்கப்போறேன்.”

“எவ்வளவுக்கு?”

“சும்மாதான்.”

நடீனுக்குத் தலை சுற்றியது.

ரமீரோ பக்கத்து டிரெய்லர்க்காரன். முட்டைக்கோசு வயலில் வேலை. இங்கே அறுப்பு முடிந்ததால், பெண்டாட்டி யெசேனியாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, அடுத்த அறுப்பு நடக்கிற சலைனாஸ் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பாலைவனம் தாண்டிப் போகிற வழி. அவனுடைய டிரெய்லர் டயர்களிலோ கம்பியே வெளியே வந்துவிட்டது. நாளைக்குப் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

அன்று மதியமே லோவெல் டயர்களை உருட்டிக்கொண்டுபோய், தன் கையாலேயே மாட்டியும் கொடுத்தார்.

நடீனுக்கு மனசு ஆறவில்லை. ரகசியமாகக் காசு வாங்கியிருப்பாரோ? துணி உலர்த்துகிற சாக்கில் ரமீரோவைப் பிடித்தாள்.

“உண்மையைச் சொல்லுப்பா. அவர் ஏதாவது வாங்கினாரா?”

“ஐயையோ, ஒரு காசுகூட வாங்கலம்மா. நான் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டுட்டாரு. எங்கப்பா இருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு.”

நடீனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. சே, கூட இருக்கிற மனுஷனைப் பற்றி இப்படியா நினைப்பேன்! பிராயச்சித்தமாக, பீச் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுடுகிற, அவருக்குப் பிடித்த ‘பீச் பை’ பலகாரம் செய்யப் போனாள்.

சாயங்காலம் பிரிவு விருந்து. குளிர்காலத்தை இங்கே கழிக்க வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்புகிற நேரம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்திருந்தார்கள். டிரெய்லர் வளாகத்தைப் பார்த்துக்கொள்கிற கோராலி, காகிதக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தாள்.

“இந்தக் காலத்துல நாலு டயரைச் சும்மா யாரு கொடுப்பா? லோவெலுக்கு ஒரு கைதட்டு!”

“லோவெல், அப்படியே என் வண்டியையும் கொஞ்சம் கவனிங்க!” என்று யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது.

“அட விடுங்கப்பா, இதைப்போய் பெரிசா பேசிக்கிட்டு” என்றார் லோவெல். காதுவரை சிவந்திருந்தது.

நடீனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவரே அவ்வளவு செய்திருக்கிறார், நான் என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?

“யெசேனியா, பல்லு முளைக்கிற குழந்தையை வெச்சுக்கிட்டு வழியெல்லாம் நீ திண்டாடுவே. நாளைக்கு நான் உங்க வண்டியிலேயே வரேன். நாங்களும் அந்த வழியாத்தானே போறோம்? லோவெல் பின்னாலேயே வரட்டும்.”

யெசேனியா முகம் மலர்ந்தது. லோவெலின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“நடீன், இங்க கொஞ்சம் வா.”

முழங்கையைப் பிடித்து டிரெய்லருக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

“அவங்க வண்டியில நீ போக வேண்டாம்.”

“ஏனாம்?”

“ஏ.சி. வேலை செய்யாது.”

“நேத்துதான் சரி பண்ணினான்.”

“உனக்கு முதுகு வலிக்கும்.”

“நம்ம சீட்டைவிட அது மெத்துனு இருக்கு. உக்காந்து பாத்துட்டேன்.”

“அவன் பாட்டை அலற விடுவான்.”

“எனக்குப் பிடிக்கும்.”

“சொன்னாக் கேளேன்!”

நடீன் சிரித்துவிட்டாள். “என்னை விட்டு ஒரு நாள்கூட இருக்க முடியாதுன்னு சொல்லிடுங்களேன். இந்த வயசுல என்ன வெட்கம்? நான் போகத்தான் போறேன்.”

“அது ஏழு வருஷ டயர், நடீன்!” லோவெல் கத்தியேவிட்டார். “பட்டன் இருந்தா ஆச்சா? உள்ள ரப்பர் செத்துப்போச்சு. வெயில்ல வெடிச்சா டிரெய்லர் சாஞ்சு, அதை இழுத்துட்டுப் போற வண்டியையும் சேர்த்துக் கவுத்துடும். உசுருக்குப் பயந்துதானே நான் புதுசே வாங்கினேன்? தெரிஞ்சே உன்னை அதுல அனுப்புவேனா?”

நடீன் அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இடுப்பில் குழந்தையோடு யெசேனியா நின்றிருந்தாள். அவள் கையில், லோவெலுக்கென்று முதலில் வெட்டி எடுத்துவந்த பீச் பைத் துண்டு.

லோவெல் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“ஜாக்கியை எடுங்க லோவெல்” என்றாள் நடீன். “நம்ம புது டயரைக் கழட்டணும்.”