எப்போதும் சம்மதம்

தாண்டிக்குடி மலையில் மூன்று பேருக்குச் சொந்தக் காடு இருந்தது. மாடுகளுக்குக் காசநோயைப் பரப்பும் விலங்கை, ஓடைக்கரையில் நட்டிருந்த கருவி மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடும். உடனே மூவரின் கைபேசியிலும் அதன் படம் வந்து, "கொல்லச் சம்மதமா?" என்று கேட்கும். இருவர் சம்மதித்தால் போதும்.

இதுவரை வந்ததெல்லாம் காட்டுப்பன்றிகள்தான். மரகதவல்லி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மாட்டேன் என்று போடுவாள். "இதுக்கு யாருகிட்டருந்து ஒட்டுச்சுன்னு தெரியலையேண்ணே" என்பாள். பக்கத்துக் காட்டு வேலுமயிலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "நான் பால்மாடு வச்சிருக்கேம்மா. பன்னிக்கெல்லாம் ஜாதகம் பாக்க முடியுமா?" என்றவர், எப்போது கேட்டாலும் தானாகவே சம்மதம் போகும்படி கைபேசியில் அமைத்துவிட்டார். மூன்றாமவரான ஆரோக்கியம் நாளுக்கு ஒன்று சொல்வார்.

மரகதவல்லிக்கு மனசு ஆறவில்லை. நோய் முதலில் யாரிடமிருந்து கிளம்பியது என்று கருவியையே தேடச் சொன்னாள். சில நாளில் விடை ஒரு படமாக, வழக்கமான கேள்வியோடு மூவருக்கும் வந்தது.

மறுநாள் வேலுமயில் பால் கறந்துகொண்டிருந்தபோது தொழுவத்து வாசலில் வண்டி வந்து நின்றது. ஊசியோடு இறங்கியவர் அவருடைய பசு சிட்டுவின் கயிற்றை அவிழ்த்தார். பன்றிகளுக்கு நோயைக் கொடுத்ததே இந்தப் பசுதானாம்.

"என் மாட்டைக் கொல்ல எவன்யா சம்மதிச்சது?" என்று கத்தினார் வேலுமயில்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மரகதவல்லி புரியாமல் கேட்டாள்.

"நான் மாட்டேன்னுதாண்ணே போட்டேன். ஆரோக்கியண்ணன் சரின்னாரு. நீங்க ஏண்ணே சம்மதிச்சீங்க?"