தேதி தெரியாத பாடங்கள்

"வாட்ச்சைக் கழட்டிடும்மா. பின்னாடி மாட்டியிருக்கிற காலண்டரையும் எடுத்துடலாம்" என்றார் தத்துவத் துறையின் தலைவர். பகுதிநேர விரிவுரையாளர் கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கேமரா முன்னால் நின்றாள்.

'போன வாரம் பார்த்தோம்', 'இந்த வருஷத் தேர்வில் வரும்' என்றெல்லாம் பேசக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. எந்த வருஷம் போட்டுப் பார்த்தாலும் பாடம் புதிதாக இருக்க வேண்டுமாம். அவரிடமே படித்தவள் அவள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் செய்தாள்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஏன் சார்'. வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டுக் குடைந்தெடுத்துவிடுவார். பாடங்களையெல்லாம் படம் பிடித்து இணையதளத்தில் ஏற்றினால் துறையை மூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று துணைவேந்தர் சொன்னபோது மட்டும் அந்தக் கேள்வி அவர் வாயில் வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. அவருடைய வேலையும் வருஷா வருஷம் துணைவேந்தர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். அவர் மகளின் படிப்பு வேறு பாதியில் இருந்தது.

"உங்க பாடத்தையும் சேர்த்து ஏத்திடுங்க சார், அப்பதான் முழுசா இருக்கும்" என்று துணைவேந்தர் சொன்னதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அறவியலைத் தானே நடத்தினார். மனிதர்களை வெறும் கருவியாகப் பயன்படுத்துவது தவறு என்ற பாடத்தை ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் பேசி முடித்தார்.

துறையில் அவரைத் தவிர மற்ற எல்லாருமே பகுதிநேரக்காரர்கள்தான். எல்லாம் ஏற்றி முடித்த மறுநாள், துணைவேந்தர் சொன்னபடி அவர்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, அடுத்த பருவத்துக்கு வர வேண்டாம் என்றார். அவளைக் கடைசியாகக் கூப்பிட்டார். வேலை நிரந்தரமாகப் போகிறது என்ற நினைப்பில் சிரித்த முகத்தோடு வந்து நின்றாள், பாவம்.

அவர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

"என் பாடம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்குமா சார்?"

"துறையைக் காப்பாத்த வேற வழி தெரியலம்மா. தப்பா நினைக்காத."

அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நியாயமாகப் பார்த்தால் அன்று அவருக்குச் சோறு இறங்கியிருக்கக் கூடாது, இறங்கியது.

மதியம் துணைவேந்தர் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் என்று நினைத்து, தலையைச் சீவிக்கொண்டு போனார். துணைவேந்தரும் எழுந்து கைகொடுத்தார். துறையை மூடப்போவதில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்றார். மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் பார்த்துத் தேர்வு எழுதலாம், தளத்தைக் கணினிப் பிரிவு கவனித்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

துறைத்தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தன்னுடைய ஒப்பந்தத்தில் எப்போது கையெழுத்தாகும் என்று பவ்யமாகக் கேட்டார்.

துணைவேந்தர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஆளே இல்லாத துறைக்குத் தலைவர் எதுக்கு சார்?"