நாலு பிளஸ்

சுத்தியலின் மரப்பிடி சிங்காரவேலின் தோளில் இறங்கியது. கறுப்பு வேட்டியோடு அவன் சுவரில் மோதிச் சரிந்தான். கழுத்தில் கிடந்த துளசி மாலை அறுந்து, மணிகள் சிமென்ட் தரையெங்கும் சிதறி ஓடின.

சிலம்பரசன் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நிமிர்த்தினான்.

"எதைடா கலந்த? வெல்லமா, சக்கரையா?"

நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கில், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய குவார்ட்டர்ஸ் அது. கதவு, ஜன்னல்களைப் பெயர்த்தெடுக்கும் கான்ட்ராக்ட் வேலை சிங்காரவேலுக்கு. கூட வேலை செய்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கத்தினாலும் கேட்க ஆளில்லை.

சிங்காரவேல் வேறு யாரும் இல்லை, சிலம்பரசனின் மனைவி பார்வதிக்குக் கூடப்பிறந்த தம்பி. அக்கா வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போகிறவன். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாளிலிருந்து வீட்டில் அத்தனை பேரும் அவனை 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள், சிலம்பரசன் உட்பட. இன்றைக்கு அந்த மரியாதை போய்விட்டது.

பதினொரு வருஷம். கம்மாபுரம் பக்கம் அப்பாவின் இரண்டு ஏக்கர் சுரங்கத்துக்குப் போன பிறகு, கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தினதை வாரிக்கொண்டு கான்ட்ராக்ட் லேபராகவே கிடந்தவன் சிலம்பரசன். பெர்மனென்ட் ஆர்டர் இப்போதுதான் வாசல் வரை வந்திருந்தது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சந்தோஷமே வினையாகிவிட்டது. மெடிக்கலுக்கு முந்தின சாயங்காலம் சிநேகிதர்களோடு மூக்கு முட்டக் குடித்துவிட்டான். காலையில் மூத்திரத்தைச் சோதித்தால் குட்டு உடைந்துவிடும். வீட்டில் சுத்தமான ஆண்பிள்ளை உடம்பு ஒன்றே ஒன்றுதான். மாலை போட்ட சாமி.

காலி பாட்டிலை அவனிடம் கொடுத்தான். விடிவதற்குள் அது நிரம்பி வந்தது. பேன்ட் பாக்கெட்டில் ஒளித்துக்கொண்டு போய், தன்னுடையது போலவே நீட்டிவிட்டு வந்தான். இது முந்தாநாள் கதை.

இன்றைக்கு ரிசல்ட். விடிந்ததிலிருந்தே சிலம்பரசனுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. ஒன்பது வயசு மகள் பிரியா மறுபடியும் பாயை நனைத்துவிட்டாள் என்று பார்வதி சொன்னதும், இருந்த படபடப்பில் பிள்ளை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அவள் அழுதுகொண்டே குடத்தடிக்குப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் பைக்கை உதைத்தான்.

டாக்டர் சீட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். மூத்திரத்தில் சர்க்கரை நாலு பிளஸ், அதற்கு மேல் அளவே இல்லை, கூடவே கீட்டோன் என்ற விஷமும் இறங்குகிறது என்றார். அடங்காத தாகம் எடுக்கிறதா, அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதா, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினான். இந்த அளவை வைத்துக்கொண்டு நீங்கள் எழுந்து நடப்பதே ஆச்சரியம், இன்றைக்கே பெட்டில் சேராவிட்டால் உயிர் தங்காது என்றார்.

விரலைக் குத்திப் பார்க்க ஊசியை எடுத்தார். சிலம்பரசன் எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டான். ரத்தம் வேறு கதை சொன்னால் ஏமாற்றியது தெரிந்துவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் பெர்மனென்ட் கிடையாது.

வழி நெடுக யோசித்தான். சிங்காரவேலுக்குச் சர்க்கரையா? தேக்குக் கதவை ஒண்டியாகத் தோளில் தூக்கி லாரியில் போடுகிறவன். டாக்டர் கேட்டதில் ஒன்றுகூட அவனுக்குப் பொருந்தவில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. சிங்காரவேல் வீட்டு நிலமும் சுரங்கத்துக்குப் போனதுதான்; நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை தரும் லிஸ்டில் தன் பேருக்கு அடுத்த பேர், சிங்காரவேல். முன்னால் இருக்கிறவன் விழுந்தால் பின்னால் நிற்கிறவனுக்கு வேலை.

"எதுவும் கலக்கல மாமா. சத்தியமா." உதடு கிழிந்து ரத்தம் தாடியில் இறங்கியது.

"எந்தச் சாமி மேல? உன் மேலயேவா?"

முகத்தில் முட்டியால் இடித்தான். ஏதோ ஒன்று மளுக்கென்று உடையும் சத்தம் கேட்டது. சிங்காரவேல் தரையோடு தவழ்ந்து கதவில்லாத வாசலைப் பார்க்க நகர, சிலம்பரசன் அவன் கணுக்காலைப் பிடித்து உள்ளே இழுத்தான். மார்பின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டான். சுத்தியலைத் திருப்பி, இரும்பு முகம் கீழே வரும்படி பிடித்தான்.

"அக்கா வூட்டுச் சோத்தத் துன்னுகினு எனக்கே குழி பறிக்கிறியா? நீயும் மெடிக்கலுக்குப் போவ இல்ல? நொண்டிக்கினே போ."

சுத்தியல் முழங்காலுக்கு நேராக உயர்ந்தது. அதற்கு மேல் சிங்காரவேலால் அடக்க முடியவில்லை.

அன்றைக்குத் தானும் குடித்திருந்ததாக அழுதான். மாலையோடு குடித்தேன், வெளியே சொன்னால் அக்கா வீட்டுப் படியேற்ற மாட்டாள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்றான். பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் பயந்தானாம். அவன் மூத்திரம் சோதனைக்குப் போனாலும் கதை அதேதானே. கடைசியில் அந்தப் பாட்டிலை அவன் தன்னுடையதால் நிரப்பவே இல்லை.

உயர்ந்த கை அப்படியே நின்றது.

"அப்ப அது யாருது?"

சிங்காரவேல் கண்ணை மூடிக்கொண்டான். வாயில் தேங்கிய ரத்தத்தை விழுங்கினான்.

"நம்ம பிரியாவோடது மாமா."