ஏரிக்கரையில் ஒன்பது வீடுகள்

தேர்தல் முடிவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. திருத்தணி மலையடிவாரத்து ஏரிக்கரையில் இருக்கும் ஒன்பது வீடுகளிலும் இன்று காலை சர்வேயர் ஆட்கள் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கென்று சொல்லவில்லை. நிர்மலாவின் சுவரில் ஆறாம் எண் இன்னும் காயாமல் வெயிலில் பளபளக்கிறது. "பட்டா குடுக்கத்தாங்க்கா எழுதிக்கினு போறாங்க. வீடில்லாதவங்களுக்கு வீடுன்னு சொல்லித்தானே ஜெயிச்சவங்க ஓட்டு கேட்டாங்க?" என்கிறான் எதிர்வீட்டு டில்லிபாபு. "ஏரியில கட்டுன வீட்டயெல்லாம் இடிச்சி எடுப்போம்னும் அவங்கதானேப்பா சொன்னாங்க?" என்கிறாள் நிர்மலா. அவன் தன் சுவரில் எழுதிய எண்ணைத் திரும்பிப் பார்க்கிறான். மலைமேலிருந்து மேளச் சத்தம் காற்றில் வந்து வந்து போகிறது. அதற்கு நடுவே கரைப்பக்கம் ஏதோ பெரிய வண்டி உறுமுகிறது. எல்லா வாசல்களிலும் பேச்சு நின்றுவிடுகிறது. கருவேல மரங்களுக்கு இடையில் மஞ்சளாக ஒரு இரும்பு தெரிகிறது. நிர்மலா வாசற்காலை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். வளைவில் திரும்பும்போதுதான் தெரிகிறது, நெல் அறுக்கும் வண்டி. ஓட்டுகிறவன் இவர்களைப் பார்க்காமலே வயல் பக்கம் இறங்கிப் போகிறான். "அறுப்பு மிஷின்தாங்க்கா. இதப் போயி புல்டோசர்னு பயந்துகினு" என்று டில்லிபாபு சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே விறுவிறுவென்று வீட்டுக்குள் போகிறான். தூங்குகிற கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சுட்டெரிக்கும் வெயிலில், வீட்டைவிட்டுத் தள்ளி நிற்கிறான்.