பேட்டரிக் கஞ்சன்

அரிசோனா பாலைவனத்தில் பொழுது சாய்கிறது. பத்து வருஷமாக வீடாகவே ஆகிவிட்ட மோட்டார் வண்டிக்குள், அலமாரி அடியில் விளக்குப் பட்டையை ஒட்டி முடித்து ஸ்விட்சைத் தட்டுகிறாள் ஆர்லீன். அடுப்பு, கரண்டி, மேசைமேல் கிடக்கும் வண்டிச் சாவி எல்லாம் பளீரென்று துலங்குகின்றன. மங்கல் வெளிச்சத்தில் எழுத்தே தெரியவில்லை என்று ஒரு மாதமாக விளக்கைத் திட்டிய கணவன் வெண்டல், சாலை வரைபடத்தை மூக்கருகே கொண்டுபோகிறான், தள்ளிப் பிடிக்கிறான். "இப்ப தெரியுதா, கிழவா?" என்கிறாள். "தெரியுது, தெரியுது... இன்னொரு பட்டையும் ஒட்டேன்டி." ஒரு பல்பு கூடுதலாக எரிந்தாலே பேட்டரி செத்துவிடும் என்று குதிக்கிற மனுஷன்! ஆர்லீன் சத்தமில்லாமல் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். "ஒட்டறேன். ஆனா நாளைக்கு வண்டியை நான்தான் ஓட்டுவேன்." வெண்டல் வரைபடத்தை மெல்ல மடிக்கிறான். "மலை இறக்கத்துல பாத்துப் போ" என்கிறான்.